நூறு குழி அட்டை

சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் முட்டைக் கிடங்கில் ஒருத்தியும் தூக்குச்சட்டியைத் திறக்கவில்லை. எல்லோரும் அறிவிப்புப் பலகையின் முன்னால் கூடி நின்றார்கள். வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மேற்பார்வையாளர் அதில் ஒரு தாளை ஒட்டியிருந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் இரும்பு அளவுகோல் ஒன்றைச் செருகிவைத்திருப்பதால் அவருக்குப் பெண்கள் வைத்த பெயர் ஸ்கேல் சார். தாளில் நான்கு கம்பங்கள். கிடங்கில் இருப்பதும் நான்கு மேசைகள். அந்த வாரம் எந்த மேசையில் எத்தனை முட்டை உடைந்தது என்பதைக் கம்பத்தின் உயரம் சொன்னது.

மூன்றாம் மேசையின் கம்பம் நெடுநெடுவென்று தாளின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. எழுநூற்று இருபது. முதல் மேசையின் கம்பம்தான் எல்லாவற்றிலும் குட்டை. ஐந்நூற்று நாற்பது.

மூன்றாம் மேசையில் நிற்பவர்கள் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள். அண்ணன் மனைவியைக் கிடங்கில் பெரியவள் என்பார்கள், தம்பி மனைவியைச் சின்னவள் என்பார்கள். காலை ஏழிலிருந்து மாலை நான்கு வரை நின்ற கால் நின்றபடி வேலை. அட்டையிலிருந்து முட்டையை எடுத்து விளக்குப் பெட்டியின் ஓட்டைமேல் வைக்க வேண்டும். கீறல் இருந்தால் ஓட்டில் முடிபோல ஒரு கோடு மின்னும். நல்லது நல்ல அட்டைக்கு, உடைந்தது வாளிக்கு. ஓர் அட்டைக்கு முப்பது குழி. பன்னிரண்டு வருடமாகப் பெரியவள் இதைத்தான் செய்கிறாள். தூக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டாலும் முப்பது வாய்ப்பாட்டை ஒப்பிப்பாள்.

"மூணாம் மேசைக்காரிங்களுக்கு இனிமே கவலையில்ல. இந்தக் கம்பத்துல கொடி கட்டித் துணி காயப் போடலாம்" என்றாள் இரண்டாம் மேசை வாயாடி.

சிரிப்பு அடங்குவதற்குள் ஸ்கேல் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"எல்லாரும் பார்த்துக்கங்கம்மா. உடைசல் ஜாஸ்தியா இருக்குன்னு முதலாளி கோவமா இருக்கார். மாசக் கடைசியில ஒரு மேசையை எடுத்துடச் சொல்லிட்டார். எந்தக் கம்பம் உசரமோ, அந்த மேசை."

"மேசையை எடுப்பீங்களா சார், ஆளை எடுப்பீங்களா?" என்று சின்னவள் கேட்டாள்.

"ரெண்டையும்தான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். கெட்டவர் இல்லை. வளைத்துப் பேசத் தெரியாதவர், அவ்வளவுதான்.

மாசக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பெரியவளின் கணவனும் கொழுந்தனும் மாவு ஆலையில் மூட்டை தூக்குகிறவர்கள். ஆலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவது மூன்றாம் மேசையால். அன்று பெரியவள் தூக்குச்சட்டியைத் திறந்தாள், மூடினாள், அப்படியே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை துணி துவைக்கிற நேரம்தான் அந்த வீட்டில் படிக்கிற நேரம். இந்தக் கூத்தைத் தொடங்கிவைத்தவள் சின்னவள். அடுத்த வருடம் கிடங்கில் முட்டை தரம் பிரிக்கும் இயந்திரம் வரப்போகிறது, அதில் நிற்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, யாரையும் கேட்காமல் இரண்டு பேர் பெயரையும் தனித்தேர்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். சின்னவள் ஏழுவரை போனவள். பெரியவள் ஐந்தோடு நின்றவள்.

"முப்பத்தெட்டு வயசுல எனக்கு எதுக்குடி எட்டாங்கிளாஸ்? யாராவது பொண்ணு பார்க்க வரப்போறாங்களா?" என்று அப்போது பெரியவள் சத்தம் போட்டாள். போட்டாளே தவிர, ஒரு ஞாயிறும் உட்காராமல் இருந்ததில்லை.

அன்று அவள் துவைக்கும் கல்லில் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து பயிற்சித் தாளிலிருந்து வாசித்தாள். இருவர் மனமும் கம்பத்தில்தான் இருந்தது. அதனாலேயே இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"கேளுங்க. ஒரு வகுப்புல அம்பது பேர். பதினஞ்சு பேர் வரலை. வராதவங்க எத்தனை சதவீதம்?"

பெரியவள் காலரைப் புரட்டிப் போட்டாள். "ஒம்பது."

"என்னது ஒம்பது?"

"ஒம்பதுடி. ஒம்பது சதவீதம்."

"முப்பதுன்னு பின்னாடி போட்டிருக்கு. உங்களுக்கு ஒம்பது எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்து வரும்? அம்பதுக்குப் பதினஞ்சு. அப்ப பத்துக்கு மூணு. அட்டைக்கு ஒம்பது. சரியாத்தானே இருக்கு?"

சின்னவள் தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வாளி சாய்ந்து அவள் சோப்புத் தண்ணீரில் விழப் பார்த்தாள்.

"எதுக்குடி பல்லைக் காட்டற?"

"அக்கா, நீங்க தப்பாவே போடலைக்கா. விகிதமெல்லாம் கச்சிதமா வந்திருக்கு. அட்டையைத்தான் மாத்திட்டீங்க. உங்களுக்கு எதைக் கொடுத்தாலும் முப்பது குழியில வச்சுப் பார்க்கறீங்க. சதவீதத்துக்கு அட்டை பெருசு. நூறு குழி."

பெரியவளின் கை நின்றது. ஆறு வாரமாகச் சதவீதம் என்ற சொல்லைக் கேட்டாலே அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கும். சின்னவள் எத்தனை விதமாகச் சொல்லியும் ஏறவில்லை. இப்போது மண்டைக்குள் யாரோ ஓர் அட்டையைத் தூக்கி வைத்தது போல இருந்தது. பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் குழி.

"பத்துக்கு மூணுன்னா, அதுல முப்பது குழி ரொம்பும்" என்றாள் மெதுவாக.

"ஆமா!"

"இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? வேற ஒண்ணு கேளு."

"இருபது பேர்ல ஏழு பேர்."

"முப்பத்தஞ்சு."

"நாப்பதுல ஆறு."

"பதினஞ்சு. இன்னும் கஷ்டமா கேளேன்டி."

சின்னவள் கேட்கவில்லை. எதையோ நினைத்துக்கொண்டவள் போல வாயைத் திறந்தபடி இருந்தாள். "அக்கா, போன வாரம் நம்ம மேசைக்கு எத்தனை அட்டை வந்துச்சு?"

எந்த மேசை எத்தனை அட்டை பார்த்தது என்று ஒவ்வொரு மாலையும் கிடங்கில் சத்தமாகப் படிப்பார்கள். பெரியவளுக்கு அதெல்லாம் மனப்பாடம். "ஆயிரத்து இருநூறு."

"நம்மகிட்ட உடைஞ்சது எழுநூத்தி இருபது. அப்படின்னா..."

"பத்து அட்டைக்கு ஆறு" என்றாள் பெரியவள். முப்பதில் கணக்குப் போட அவளுக்குத் தாள் தேவையில்லை. "முந்நூறு முட்டைக்கு ஆறு. உன் நூறு குழியில ரெண்டு."

"ரெண்டு சதவீதம். இப்ப மத்த மேசைங்களுக்குச் சொல்லுங்க."

துவைத்த துணி கல்லிலேயே கிடந்தது. பெரியவள் அட்டைக் கணக்கைச் சொல்லச் சொல்ல, சின்னவள் பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். நான்காம் மேசை ஆயிரம் அட்டை, அறுநூற்று அறுபது உடைசல், இரண்டே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாம் மேசை எண்ணூறு அட்டை, அறுநூறு உடைசல், இரண்டரை சதவீதம். முதல் மேசை அறுநூறே அட்டைதான். அதில் ஐந்நூற்று நாற்பது.

"பத்து அட்டைக்கு ஒம்பது" என்றாள் பெரியவள்.

"மூணு சதவீதம்! பார்த்தீங்களா? கம்பத்தை அப்படியே தலைகீழாக் கவுக்கணும். நாமதான் குட்டை! நாம பார்க்கற முட்டை ஜாஸ்தி, அதனால உடைசல் ஜாஸ்தியாத் தெரியுது. அவ்வளவுதான் விஷயம்! நாளைக்குக் காலையில முதல் வேலையா சார் மூஞ்சிக்கு நேரா இந்தத் தாளைக் காட்டறேன்."

பெரியவள் எழுந்தாள். குழாயடிக்குப் போய்க் கையை அலம்பினாள். அலம்பிய கையையே மறுபடி அலம்பினாள்.

"என்னக்கா? சந்தோஷமா இல்லையா?"

"உசரக் கம்பம் யாரோடது இப்ப?"

சின்னவள் தாளைப் பார்த்தாள். அவள் முகமும் வாடிவிட்டது.

முதல் மேசை நிதானத்தின் மேசை. எதையும் அவசரமில்லாமல் செய்கிறவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நாற்பத்தைந்து வயது, வீட்டில் தனி ஆள். நான்கு வருடத்துக்கு முன்னால் கழுவிவிட்ட ஈரத்தரையில் பெரியவள் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் கட்டு. அப்போது சின்னவள் அந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. இடத்தை ஒரு வாரத்துக்கு மேல் காலியாக விட மாட்டோம் என்றது கிடங்கு. நிதானம் விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து பெரியவளின் பங்கு அட்டைகளில் கொஞ்சம் பார்த்துவிட்டு, ஏழு மணிக்குத் தன் மேசைக்குப் போவாள், மாலை மணி அடித்த பிறகு இரவுவரை நின்று மீதியை முடிப்பாள். ஆறு வாரமும் அப்படித்தான். வேறு ஆளை எடுக்கக் கிடங்குக்குக் காரணம் கிடைக்கவில்லை. கட்டு அவிழ்த்துப் பெரியவள் திரும்பி வந்த அன்று, "வந்துட்டியா, சரி, உன் துணியை ஆணியில மாட்டு" என்றாள். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அதைப் பற்றி அவள் வாயைத் திறந்ததில்லை.

பெரியவளும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. உடம்பை வருத்திப் பிழைக்கிற கூட்டத்தில் அந்த வார்த்தை அவ்வளவாகப் புழங்குவதில்லை. சொல்லிவிட்டால் ஏதோ ஊரைவிட்டுப் போவது போல இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை அந்த மணிக்கட்டால் கனமான அடுக்கைத் தூக்கும்போதும் அவளுக்கு நிதானத்தின் நினைப்பு வரும்.

"அப்ப என்ன பண்றது? சொல்லலைன்னா நம்ம வேலை போயிடும்" என்றாள் சின்னவள்.

"தெரியுது."

"சொன்னா அவங்க வேலை போயிடும்."

"தெரியுதுடி. துணியை அலசு."

*

திங்கட்கிழமை மதியம், அட்டை கழுவும் தொட்டிக்குப் பின்னால் நிதானம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கவளத்தை அவள் மென்று முடிப்பதற்குள் மற்றவர்கள் சட்டியையே கழுவி வைத்துவிடுவார்கள். பெரியவள் எதிரே வந்து குந்தினாள். சின்னவள் பின்னால் நின்றாள்.

"என்னடி, மூஞ்சியை அவிச்ச முட்டை மாதிரி வச்சிருக்க?" என்றாள் நிதானம்.

"ஒரு கணக்குப் பார்த்தோம்க்கா."

பெரியவள் சுற்றி வளைக்கவில்லை. பத்து அட்டைக்கு ஆறு, பத்து அட்டைக்கு ஒன்பது என்று சொல்லி முடித்தாள். நிதானம் மென்றுகொண்டே கேட்டாள்.

"அப்ப நான்தான் மோசம்."

"கணக்கு அப்படிச் சொல்லுது."

"கணக்கு சொல்லுதா, நீ சொல்றியா?"

"கணக்குதான்க்கா."

"சரி. அதைப் போய் ஸ்கேல்காரர்கிட்ட சொல்லாம, எங்கிட்ட எதுக்கு வந்து குந்தியிருக்க?"

"உங்களை விட்டுட்டு அங்க போய்ச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை."

"பைத்தியம்" என்றாள் நிதானம். திட்டுவது போல இல்லை அந்தக் குரல். "ரெண்டு பேர் சம்பாதிச்சு ஆறு பேர் சாப்பிடற வீடு உன்னோடது. நான் ஒத்தை ஆளு. போய்ச் சொல்லு. ஆனா ஒண்ணு, என்கூட நிக்கற பொண்ணு பிள்ளை பெத்துக்கப் போயி நாலு மாசமாச்சு. மேசையை எடுத்துட்டா அவ வந்து நிக்க இடமிருக்காது. அவளுக்கு நான் என்ன பதில் சொல்றதுன்னுதான்..."

சின்னவள் சட்டென்று குறுக்கிட்டாள். "இருங்க, இருங்க. நாலு மாசமா நீங்க அந்த மேசையில ஒத்தை ஆளாவா பார்க்கறீங்க?"

"பேய் வந்தா உதவி பண்ணுது?"

"அக்கா! நாங்க ரெண்டு பேர், ஆயிரத்து இருநூறு அட்டை. இவங்க ஒருத்தர், அறுநூறு. ஆளுக்கு அறுநூறு. ஒண்ணுக்கு ஒண்ணு! இவங்க மெதுவே இல்லையே!"

"நான் எப்படி மெதுவுன்னு சொன்னேன்? நீங்க எல்லாரும்தான் பேரு வச்சீங்க" என்றாள் நிதானம். "அதுவும் உங்களுக்கு வர்ற மாதிரி பளபளன்னு வந்தா பரவாயில்ல. என் மேசைக்கு வர்றது பாதி அழுதுகிட்டேதான் வருது. வந்து பாரு."

முதல் மேசை பின்வாசலை ஒட்டி இருந்தது. தூரத்துப் பண்ணையின் வண்டி நிற்பது பின்வாசலில். குண்டும் குழியுமான சாலையில் நான்கு மணி நேரம் ஆடி வருகிற வண்டி. இறக்குகிறவர்கள் சோம்பலுக்குப் பக்கத்து மேசையிலேயே அடுக்கிவிட்டுப் போவார்கள். ஏன் என்று நிதானம் கேட்டதில்லை. வாரத்துக்கு அவள் பார்க்கும் அறுநூறில் நானூற்று இருபது அந்த வண்டியுடையது. பெரியவளின் மேசை முன்வாசலை ஒட்டியது. பக்கத்துப் பண்ணை முட்டைகள் வந்து இறங்குவது முன்வாசலில்.

நிதானம் மேலே இருந்த அட்டையிலிருந்து ஒரு முட்டையை இழுத்தாள். வரவில்லை. குழியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தபோது காய்ந்த மஞ்சள் பொருக்காக உதிர்ந்தது. அட்டையே ஊறி, நைந்து, விரலால் அழுத்தினால் அமுங்கியது.

"இது நான் உடைச்சதா? காஞ்சுபோயிருக்கு பாரு. என் கையில உடைஞ்சா ஈரமா ஒழுகும். ஆனா இதுவும் என் வாளிக்குத்தான் போவுது. சாயங்காலம் எண்ணி என் பேர்ல எழுதறாங்க."

பெரியவள் அந்தப் பொருக்கை நகத்தால் சுரண்டினாள். பன்னிரண்டு வருடமாக அவளும் காய்ந்ததையும் ஈரமானதையும் ஒரே வாளியில்தான் போடுகிறாள். எல்லோரும் அப்படித்தான். ஸ்கேல் சார் எண்ணியது அந்த ஒரே வாளியை.

"வரும்போதே உடைஞ்சது எவ்வளவு, நம்ம கையில உடைஞ்சது எவ்வளவு?" என்றாள்.

"அதை யாரு எண்ணினா?" என்றாள் நிதானம்.

"யாரும் எண்ணலை. எண்ணுவோம்."

*

அந்த வாரம் நான்கு மேசைக்குக் கீழேயும் இரண்டிரண்டு வாளிகள் இருந்தன. காய்ந்ததற்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. வாயாடிதான் முரண்டு பிடித்தாள். "ஒரு வாளி கழுவறதுக்கே இடுப்பு ஒடியுது. ரெண்டு கழுவ எனக்கென்ன நாலு கையா இருக்கு?" ஒரு மேசை போவதைவிட ஒரு வாளி கூடுவது மேல் என்று நிதானம் சொன்னதும் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டாள். ஸ்கேல் சார் வந்து பார்த்தார். "எதுக்கு ரெண்டு?" என்றார். "சனிக்கிழமை சொல்றோம் சார்" என்றாள் பெரியவள். உடைசல் குறைந்தால் சரி என்று போய்விட்டார்.

வியாழக்கிழமை சின்னவளின் கையில் ஒரு முட்டை நசுங்கியது. விரலெல்லாம் வழிந்தது. அவள் இடமும் வலமும் பார்த்துவிட்டு அதைக் காய்ந்த வாளியில் போட்டாள்.

"அதை எடு" என்றாள் பெரியவள், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணே ஒண்ணுதானேக்கா."

"ஒண்ணு ஒண்ணாத்தான் எழுநூத்தி இருபது ஆச்சு. எடுத்து ஈரத்துல போடு. பொய் அட்டையில வச்ச கணக்கைக் கொண்டுபோய் எந்த மூஞ்சியோட அவர் முன்னாடி நிக்கறது?"

சின்னவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எடுத்து மாற்றினாள்.

சனிக்கிழமை மதியம் எண்ணி முடித்தார்கள். நான்கு மேசையிலும் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு. அதில் காய்ந்தது ஆயிரத்து ஐந்நூறு. சின்னவள் பயிற்சித் தாளில் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே பெரியவள் மூன்று பழைய அட்டைகளை எடுத்து ஒட்டுநாடாவால் இணைத்தாள். தொண்ணூறு குழி. இன்னோர் அட்டையிலிருந்து பத்துக் குழியை வெட்டி ஓரத்தில் ஒட்டினாள். வாளியிலிருந்து ஓடுகளைப் பொறுக்கி வந்தாள். காய்ந்து போனவை அறுபது குழிக்கு, கழுவி எடுத்த ஈர ஓடுகள் நாற்பது குழிக்கு.

"எதுக்குக்கா இது? தாள்ல எழுதினா போதாதா?"

"என் கையெழுத்து உனக்கே புரியாது. இது புரியும்."

ஸ்கேல் சாரின் மேசைமேல் அந்த நீள அட்டையை வைத்தபோது அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். நாற்றம்.

"என்னம்மா இது கண்றாவி?"

"கிடங்குல நூறு முட்டை உடைஞ்சா அது இதுதான் சார்" என்றாள் பெரியவள். அட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள். "இந்த அறுபது குழி, வண்டியிலயே உடைஞ்சு வந்தது. பாருங்க, காஞ்சிருக்கு. இந்த நாப்பது எங்க கையில உடைஞ்சது. நீங்க ஒரு மேசையை எடுத்தீங்கன்னா அந்த முட்டையை மத்த மூணு மேசையும்தான் பார்க்கப் போறாங்க. இந்த அறுபதுல ஒண்ணாவது குறையுமா?"

அவர் சின்னவள் நீட்டிய தாளை வாங்கிக் கால்குலேட்டரில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறு வகுத்தல் இரண்டாயிரத்து ஐந்நூறு. மறுபடியும் தட்டினார். பிறகு சென்ற வாரத்து அட்டைக் கணக்குகளை எடுத்து, கம்பங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு, மூன்று என்று சதவீதங்களைத் தானே எழுதிப் பார்த்தார். அவர் காது சிவந்தது.

"அளவுகோல் வச்சு அழகா கம்பம் போட்டேன்" என்றார். "எதை எண்ணணும்னு கேக்காம எண்ணிட்டேன். யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"இவதான் சார். எட்டாங்கிளாஸ் பாடம்."

"எனக்கும்தான் எட்டாங்கிளாஸ்ல நடத்தினாங்க" என்றார் ஸ்கேல் சார். "திங்கட்கிழமை முதலாளியைக் கூட்டிட்டு வர்றேன். இந்த அட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆனா வெளியில வைங்க."

கதவுவரை போன பெரியவள் திரும்பினாள். அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

*

முதலாளி திங்கட்கிழமை வந்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு அட்டையைப் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், போனார். செவ்வாய்க்கிழமை பலகையிலிருந்து கம்பத்தாளைக் கிழித்துவிட்டார்கள். எந்த மேசையையும் எடுக்கப் போவதில்லை. தூரத்துப் பண்ணைக்குப் புது அட்டை போகும், வண்டியில் அடுக்கின் உயரத்தைக் குறைப்பார்கள். வாயாடி இரண்டு வாளியையும் ஒன்றோடொன்று தட்டித் தாளம் போட்டாள்.

அன்று மதியம் சின்னவள் விளையாட்டாக இன்னொரு கணக்குப் போட்டாள். கையில் உடைந்ததை மட்டும் வைத்து, மேசைவாரியாக. மூன்றாம் மேசை முப்பத்தாறாயிரம் முட்டையில் முந்நூற்று அறுபது. முதல் மேசை பதினெட்டாயிரத்தில் தொண்ணூறு.

"நமக்கு ஒரு சதவீதம். அவங்களுக்கு அரை" என்றாள். "ரெண்டுக்கு ஒண்ணு. கிடங்குலயே நல்ல கை அவங்களோடதுதான்க்கா."

பெரியவள் தாளை வாங்கிப் பார்த்தாள். சின்னவளின் தலையில் கையை வைத்தாள். அந்த வீட்டுக்கு வந்த மூன்று வருடத்தில் சின்னவளுக்கு அவளிடமிருந்து கிடைத்ததெல்லாம் திட்டுத்தான். என்ன செய்வதென்று தெரியாமல் தலையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை இந்த வீட்டுக்குப் பிடிச்சுட்டு வந்ததுக்கு என் கொழுந்தனுக்குத்தான் சோறு போடணும்" என்றாள் பெரியவள். "வா."

இருவரும் மறுபடியும் ஸ்கேல் சார் அறைக்குப் போனார்கள்.

"இன்னும் என்னம்மா?"

"தூரத்து வண்டி முட்டை எல்லாம் முதல் மேசையிலயே இறக்கறாங்க சார். அதை எல்லா மேசைக்கும் பிரிச்சுப் போடச் சொல்லுங்க."

"நாலு மேசைக்கும் சமமாவா?"

"இல்ல சார். நாங்க மொத்தம் ஏழு பேர். முதல் மேசையில இப்ப ஒத்தை ஆளு. வாரத்துக்கு நானூத்தி இருபது அட்டை. ஏழா பிரிச்சா ஆளுக்கு அறுபது. அவங்களுக்கு அறுபது, எங்க ஒவ்வொரு மேசைக்கும் நூத்தி இருபது."

"ஒண்ணுக்கு ரெண்டு, ரெண்டு, ரெண்டு" என்று ஸ்கேல் சார் எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார். "உங்க மேசை உடைசல் ஏறிடுமேம்மா?"

"ஏறட்டும் சார். ரெண்டு வாளி இருக்கே."

புதன்கிழமை காலை தூரத்து வண்டியின் அடுக்குகள் முதல் முறையாக மூன்றாம் மேசையில் இறங்கின. நாற்றம் குப்பென்று வந்தது. முட்டைகள் குழியோடு ஒட்டிக்கொண்டிருந்தன. முன்வாசல் முட்டையில் ஐந்து அட்டை பார்த்து முடிக்கிற நேரத்தில் இதில் இரண்டு அட்டைதான் முடிந்தது.

"இதை நாலு மாசமா ஒத்தை ஆளா எப்படித்தான் பார்த்தாங்களோ" என்று சின்னவள் மூக்கைச் சுளித்தாள். "நமக்கு நாமே வச்சுக்கிட்ட ஆப்பு இது."

"வாயை மூடிட்டுப் பாரு. ஈ உள்ள போயிடப் போவுது."

பின்வாசல் பக்கமிருந்து நிதானம் மெல்ல நடந்து வந்தாள். அன்று அவள் மேசையில் பெரும்பாலும் முன்வாசல் முட்டை. அவள் பங்கு பதினோரு மணிக்கே பாதி முடிந்துவிட்டது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"எட்டாங்கிளாஸ் படிச்ச கையா இது? அடிச்சுப் பிடுங்கற மாதிரி எடுக்கறியே. அட்டையை அடியில தட்டு. ரெண்டு தட்டு. இப்ப முட்டையைத் திருகு, இழுக்காத."

பெரியவள் தட்டினாள், திருகினாள். முட்டை முழுதாக வந்தது.

"பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"எல்லாம் சரி, என் வாளியில என்ன இருக்குன்னு எண்ணச் சொன்னது யாரு? தொண்ணூறாம், அரை சதவீதமாம். கிடங்கு முழுக்க அதான் பேச்சு. வாயாடி இப்ப எனக்குப் பேரை மாத்தணுங்கறா."

"மாத்திடலாமா?"

"வேண்டாம், பழகிடுச்சு" என்றாள் நிதானம். நைந்த அட்டை ஒன்றைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்க மேசையில இன்னும் பாதி இருக்கேக்கா."

"இருக்கட்டும். எங்கே ஓடிப் போவுது?"

பெரியவள் விளக்குப் பெட்டியை ஒரு முழம் நகர்த்தி, நடுவில் அவளுக்கு இடம் விட்டாள்.